மூலை கேட்ட மாப்பிள்ளையும் முட்டை புகுந்த சேனையும்

இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல், ஒரு எழுத்து, ஒரு புள்ளி பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் அத்தனையும் உதிர்ந்துபோகட்டும். அவை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவைதானே, இது என்ன பெரிய சபதம் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஆடுகிற பல்லின் அருமை அதை வைத்துக்கொண்டு ரொட்டி ஓரம் கடிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

கடுகை மலையாக்கும் கண்ணாடிக் கண்ணே, ஒற்றைக்கால் தவசியே, இருட்டறையில் குடியிருக்கும் நுண்ணோக்கித் தாயே, உனக்கு முதல் வணக்கம்! சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுவது உன் தொழில். பிழைப்பு வகையில் நாம் இருவரும் பங்காளிகள். நான் பாடப்போகும் போர்க்களத்தின் அகலம் ஒரு தலைமுடியின் அகலம்கூட ஆகாது. அதில் பொருதிய சேனையை ஒரு ஊசிமுனையில் உட்காரவைத்தால் பாதி ஊசிமுனை காலியாக இருக்கும். ஆகவே என் நாவிலும் ஒரு வில்லையைப் பொருத்தி அருள்வாயாக. குவியம் தப்பாமல் காப்பாயாக. குவியம் தப்பினால் என்ன ஆகும் என்பதுதான் இக்காவியத்தின் பொருளே.

வாழ்க மாப்பிள்ளை! சாயக்குழல் ஏந்திய தடக்கையன், வெண்ணிற மேலங்கியை வெல்லற்கரிய கவசமாகப் பூண்டவன், காலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தொங்கியே குன்றனைய தோள் பெற்றவன் (ஒரு தோள் மட்டும், மற்றக் கையில் சாப்பாட்டுப் பை), பூனைக்கும் கேட்காத நடையில் மாமியார் வீட்டுக் கூடத்தைக் கடக்க வல்லவன், கடந்த பின்பு தான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பதிலும் வல்லவன், அவன் வாழ்க! காவிய நாயகர்களை ‘அவன்’ என்பது மரபு. மாமியாரை ‘அவர்’ என்பது பாதுகாப்பு. இரண்டையும் கடைசிவரை கடைப்பிடிப்பேன்.

அந்த மாமியாரோ இரு முடி தரித்த பேரரசி. வீட்டில் அத்தை, ஆய்வுக்கூடத்தில் தலைவி. சுண்டெலியின் சினைமுட்டையும் விந்தணுவும் கூடுவது எப்படி என்று ஆராயும் அக்கூடத்தில் அவர் புருவம் ஏறினால் குளிர்பதனப் பெட்டி தானாகவே இன்னும் கொஞ்சம் குளிரும் என்பார்கள். நம் நாயகன் அவர் மகளை மணந்து அவர் வீட்டோடு தங்கினான். அவர் கூடத்திலேயே வேலையும் பார்த்தான். உலகத்து மாப்பிள்ளைகள் எல்லாம் மாமியாரை விடுமுறையில் மட்டும் காணும் குறைந்த பாக்கியசாலிகள். இவன் காலையில் கண்டு, பகலெல்லாம் கண்டு, மாலையிலும் காணும் நிறைந்த பாக்கியசாலி. பாக்கியம் அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குப் பழமொழி தேட வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்தால் போதும்.

அக்கோட்டைக்குள் அவன் மணமகனாகப் புகுந்த நாளில் தனியாகப் புகவில்லை, பரிவாரத்தோடு புகுந்தான். முன்னே சென்றது சாய்நாற்காலி: கைப்பிடி அகன்றது, முதுகு வளைந்தது, உட்கார்ந்ததும் ஒருமுறை முனகிவிட்டு அப்புறம் விசுவாசமாகத் தாங்குவது. அதன் பின்னே மேசை விசிறி, அலாரக் கடிகாரம், நீலப் பீங்கான் குவளை, வளைந்த பிடியுள்ள குடை, தலைக்குத் தோதாகக் குழி விழுந்த தலையணை. எல்லாம் ஒரு வண்டியில் ஒன்றையொன்று அணைத்தபடி வந்து இறங்கின. அன்றைக்கு யார் பார்த்தாலும் ‘இதெல்லாம் மாப்பிள்ளையுடையது’ என்று ஒரே விரலால் சுட்டிக் காட்டியிருக்கலாம்.

பின்னர் நடந்ததைக் கூர்ந்து கேட்க வேண்டும். யாரும் எதையும் பறிக்கவில்லை. பறித்திருந்தால் முரசறைந்து போர் தொடுத்திருப்பான். பறிக்காதவரோடு போரிட எந்தப் படைநூலிலும் வழி சொல்லவில்லை. பொருள்கள் தாமாகவே மிதந்து போயின. “அடுப்படி வேகுதுங்க, ஒரு நாளைக்கு மட்டும்” என்ற மனைவியின் மெல்லிய வேண்டுகோளில் விசிறி சமையலறைக்குப் போயிற்று. அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. மாமனாருக்கு மாத்திரை வேளையை நினைவூட்டும் திருப்பணிக்காகக் கடிகாரம் அவர் கட்டில் தலைமாட்டுக்குப் பெயர்ந்தது. குவளையில் கரண்டிகள் குடியேறின. குடை, யார் வெளியே போகிறாரோ அவருடையதாயிற்று. தலையணை, வந்த விருந்தாளி ஒருவரின் கழுத்துவலியை ஒரே இரவில் தீர்த்த குற்றத்துக்காக அவரோடே ஊர் போய்ச் சேர்ந்தது. நாற்காலி மட்டும் கொஞ்ச நாள் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தது. எல்லோர் முழங்காலிலும் இடித்தது. பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டு, இன்று வரை ஈரத்துணிகளைத் தோளில் சுமந்து நிற்கிறது.

ஆகவே அவ்வீரனின் உள்ளத்தில் ஒரு வேட்கை மூண்டது. மண்ணாசையா? இல்லை. பொன்னாசையா? அதுவும் இல்லை. மூலையாசை! கூடத்தின் ஜன்னலோரத்தில் ஒரு மூலை. பிற்பகல் வெளிச்சம் சாய்ந்து விழும். காற்று தானாக வரும். ஒரு சாய்நாற்காலி கச்சிதமாக அடங்கும். அங்கே நாற்காலியைப் போட்டு, விசிறியைப் பக்கத்தில் வைத்து, குவளையைக் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தி, தன் பரிவாரம் முழுவதையும் மறுபடி ஒரே இடத்தில் கூட்டி, நடுவில் தானும் உட்கார வேண்டும். நான்கு பேர் வாழும் வீட்டில் ‘அது அவர் இடம்’ என்று ஒருவர் வாயிலிருந்து ஒருமுறை வர வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. பேரரசுகள் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு எரிந்திருக்கின்றன.

ஆனால் அம்மூலையை ஒரு காவலன் காத்து நின்றான். துணி துவைக்கும் இயந்திரம் வந்திறங்கிய அட்டைப்பெட்டி அது. ஆளுயரம், உள்ளே காற்று. ஒவ்வொரு முறை நாயகன் அதை அப்புறப்படுத்தக் கேட்டபோதும் மாமியார் ஒரே மந்திரத்தையே உச்சரித்தார்: “இருக்கட்டும் மாப்பிள்ளை. என்னைக்காவது வேணும்.”

இந்நிலையில்தான் அறிவுலகப் பெரும்பகை ஒன்று வந்து குறுக்கிட்டது. விந்தணு முட்டைக்குள் புகும்போது அதன் உடம்பு உள்ளே போகிறது. சட்டையோ வெளியே நின்றுவிடுகிறது. சட்டை என்பது அதன் மேற்சவ்வு. சவ்வில் பதிந்த அணிகலன்களும் ஆயுதங்களும்தான் புரதங்கள். அந்தச் சவ்வு முட்டையின் சவ்வோடு ஒட்டி, இரண்டும் ஒரே தோலாகிவிடுகின்றன. இதுவரை எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அறிஞர்கள் ஒத்துப்போவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் அந்தப் புரதங்கள் என்ன ஆகின்றன? புகுந்த இடத்திலேயே ஒரு திட்டாகக் கூடி உட்கார்ந்திருக்கின்றன என்பது ஒரு கட்சி. முட்டையின் மேனி முழுதும் பரவிக் கலந்து அடையாளம் தெரியாமல் போகின்றன என்பது இன்னொரு கட்சி. மாமியார் பரவல் கட்சியின் தலைவி. நாயகன் திட்டுக் கட்சியில் சேர்ந்தான். ஏன் சேர்ந்தான் என்பதற்கு அவன் தடித்த கட்டுரைகளைச் சான்று காட்டினான். நமக்கு அட்டைப்பெட்டி போதும்.

போர்ப் பிரகடனம் சாப்பாட்டு மேசையில் நிகழ்ந்தது.

“உங்களுக்கு அந்த மூலைமேல ஒரு கண்ணு. அதான் புரதமும் மூலை பிடிச்சு உட்காரும்னு சாதிக்கறீங்க” என்றார் மாமியார், குழம்புக் கரண்டியைச் செங்கோல்போல் நிமிர்த்தி.

“இல்ல அத்தை, இது முழுக்க அறிவியல்...”

“சாப்பாடு ஆறுது, மொதல்ல சாப்பிடுங்க.”

“ஏம்மா, ஒரு மூலைதானே, குடுத்துடேன்” என்றாள் மனைவி. தாய்க்கும் கணவனுக்கும் நடுவே பாலமாக விளங்கிய அந்த நங்கையை இரு தரப்பாரும் மிதித்துத்தான் போனார்கள். பாலம் என்றால் அப்படித்தான்.

“குடுக்கறேன். சும்மா எதுக்குக் குடுக்கணும்?” மாமியார் எழுந்து நின்றார். வீட்டின் கூரை இரண்டு அங்குலம் உயர்ந்து வழிவிட்டது. “நாளைக்குச் சாயம் போட்டுப் பார்ப்போம். முட்டைக்குள்ள போனவனோட புரதம் கலையாம ஒரே இடத்துல கூடியிருந்தா, பெட்டியை நானே எடுத்துடறேன், மூலை உங்களுக்கு. கலைஞ்சு போயிருந்தா, நாற்காலிப் பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கக்கூடாது. சரியா?”

“சரி அத்தை” என்று முழங்கினான் நாயகன். பக்கத்திலிருந்தவருக்குக்கூடக் கேட்டது.

அதுவரை தட்டைவிட்டு நிமிராத மாமனார் அப்போது நிமிர்ந்தார். அவரும் அந்தக் குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து தங்கியவரே. “நானும் ஒரு மேசையோட வந்தவன்தான் மாப்பிள்ளை” என்றார். “தேக்கு. எழுதறதுக்குன்னு வாங்கினது.”

“அப்படியா மாமா? இப்ப எங்க அது?”

“முழங்கையை எடுங்க. அதுமேலதான் ஊனியிருக்கீங்க.”

மறுநாள் களம் விடிந்தது. ஆய்வுக்கூடத்தில் நாயகன் விந்தணுச் சேனைக்குப் பச்சைச் சாயத்தால் போர்க்கோலம் தீட்டினான். சேனையின் மேலுள்ள ஒவ்வொரு புரதத்தையும் இறுகப் பற்றிக்கொண்டு, நீல ஒளி பட்டால் மரகதம்போல் எரியும் அரிய சாயம் அது. மிச்சச் சாயத்தைக் கழுவினான், மறுபடி கழுவினான், தன் தலையெழுத்தைக் கழுவுகிறவன்போல் கழுவினான். பிறகு, எண்ணெய்க் கடலுக்கடியில் ஒரு துளி நீரில் நிலவுகளாய் மிதந்த முட்டைகளின்மீது அச்சேனையை ஏவினான்.

என்ன சொல்வேன் அப்படையெழுச்சியை! தலை, கழுத்து, வால் என மூன்றே உறுப்புகள் உடையது. மூளை என்னும் வீண்சுமை ஏற்றப்படாதது. ஆகவே தயக்கம் என்பதையே அறியாதது. முன்னால் போகிறவனை முட்டித் தள்ளுவதையே அறமாகக் கொண்டது. மொத்தத்தில் காலைப் பேருந்தின் படிக்கட்டையே ஒத்தது அச்சேனை. வால்கள் சாட்டையாய்ச் சுழன்றன. துளி கொதித்தது. எதிரே எழுந்து நின்றது முட்டையைச் சூழ்ந்த பளிங்கு மதில், தடித்தது, வழுவழுப்பானது, வருகிறவர் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்த பின்பே வழிவிடுவது. அதில் மோதிச் சிலர் மயங்கினர். சிலர் வழி தப்பி ஒருவரையொருவர் முட்டைகளெனக் கருதி முட்டிக்கொண்டனர். சிலர் மதிலில் தலையைச் சொருகிவிட்டு, உள்ளேயும் போக மாட்டாமல் வெளியேயும் வர மாட்டாமல், எறிந்து குத்திய ஈட்டிகளாய் நடுங்கி நின்றனர். இவர்களை மறந்துவிட வேண்டாம். காவியத்தில் வெற்றி பெற்றவனைவிட மதிலில் சிக்கினவனுக்குத்தான் பின்னால் வேலை இருக்கிறது.

ஒருவன் புகுந்தான். ஒரே ஒருவன்! மதிலைத் துளைத்தான், அகழியைத் தாண்டினான், முட்டையின் மேனியைத் தொட்டான். அவன் மேற்சவ்வில் அணிவகுத்து நின்ற புரத வீரர்களில் தலைசிறந்தோர் சாவி ஏந்தியவர்கள். முட்டையின் மேனியில் தங்களுக்கென்றே அமைந்த தாழ்ப்பாளைக் கண்டுபிடித்துப் பற்றுவதற்காகவே பிறந்து, வளர்ந்து, இத்தனை காதம் பயணம் வந்தவர்கள். பற்றினார்கள். சவ்வும் சவ்வும் கூடின. இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றானாற்போல், இது அவனுடையது இது அவளுடையது என்ற எல்லைக்கோடு அழிந்தது. தலைவன் வெறும் உடம்போடு உள்ளே போய்விட்டான். ஆம், அழைத்து வந்தவர்களைத் திரும்பிப் பாராமல்! முட்டையோ உடனே தன் மேனியிலிருந்த தாழ்ப்பாள்கள் அத்தனையையும் கழற்றி வெளியே வீசியது. இனி எவனும் வரலாகாது என்று மதிலை இறுக்கியது.

எண்ணிப் பார்த்தால் கல் மனமும் கரையும். கையில் சாவி, ஊரில் பூட்டே இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் தரகரை யார் தேடுகிறார்கள்? பந்தி முடிந்த பின் விருந்தாளி எங்கே நின்றால் என்ன? காலுக்கடியில் தரையும் தரையாக இல்லை; சவ்வு என்பது எண்ணெய்போல் நெகிழ்வது, நிற்பவரை மெல்ல மெல்ல நகர்த்துவது. அந்த அநாதைப் புரதங்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு ஒரே இடத்தில் கூடி நின்றார்களா? அல்லது ஒருவர் அடுப்படிக்கும் ஒருவர் கட்டில் தலைமாட்டுக்குமாக மிதந்து போனார்களா? நாயகன் அதைத்தான் பார்க்க விரைந்தான். அவன் நெஞ்சுத் துடிப்பில் சோதனைக் குழாய்கள் கிலுகிலுத்தன.

இருட்டறைக்குள் நுழைந்தான். கதவை முழுதும் சாத்தவில்லை; வெற்றிச் செய்தியோடு ஓட வழி வேண்டுமே. நுண்ணோக்கியின் முன் அமர்ந்தான். இங்கே ஒரு மரபைச் சொல்ல வேண்டும். அக்கருவியின் குவியக் குமிழின்மேல் ஒரு வெள்ளை ஒட்டுநாடா. அதில் மாமியாரின் கையெழுத்தில் ‘தொடாதே’ என்ற ஒற்றைச் சொல். முன்பொருமுறை எவனோ அதைத் திருகி, வில்லையை முட்டைத் தட்டின்மேலேயே இறக்கிவிட்டானாம். அன்றுமுதல் காலையில் தலைவி வந்து குவியம் வைத்துவிட்டுப் போவார். மற்றவர்கள் அவர் வைத்த இடத்தில் தெரிவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றும் அப்படியே வைத்தார். பாதியில் யாரோ அழைத்ததால் போய்விட்டார்.

நாயகன் முதலில் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தான். முட்டையின் வயிற்றில் மங்கலாக இரண்டு வட்டங்கள், தாய் தந்த ஒன்றும் தந்தை தந்த ஒன்றும். ஆக, ஒருவன் புகுந்தாயிற்று, ஐயமில்லை. அடுத்து நீல ஒளியைப் பாய்ச்சினான்.

ஆகா! முட்டையின் உச்சியில் ஒரு மரகதத் திட்டு! ஒற்றை நட்சத்திரம்போல், கலையாமல், ஒருவரையொருவர் விடாமல், ‘இது எங்கள் இடம்’ என்று உலகுக்கு அறிவித்துக்கொண்டு எரிந்தது. அருகே எங்கும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. நாயகனின் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. மேலங்கியின் பொத்தான் ஒன்று தெறித்துக் குப்பைக் கூடையில் விழுந்தது. குமிழை ஒரு மயிரிழை திருகி, திட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கலாமா? பார்க்கலாம். பார்ப்பதுதான் முறை. முதலாண்டு மாணவனும் பார்ப்பான். ஆனால் அத்தை வைத்த குமிழை மருமகன் திருகுவதா? அவன் கைகளைத் தொடையின்மேல் வைத்துக்கொண்டே கண்ணால் மட்டும் வென்றான்.

வென்றவன் முதலில் செய்தது கைபேசியை எடுத்ததுதான்.

“நான்தான். அந்தப் பெட்டியை நகர்த்து. நாற்காலியைத் தூக்கிட்டு வந்து மூலையில போடு.”

“நாற்காலியில துணி காயுதுங்க” என்றது மறுமுனை.

“துணியை எடு!”

“இன்னும் ஈரம் போகல. அம்மா சொல்லிட்டாங்களா?”

“சொல்லுவாங்க.”

“அப்ப சொன்னப்புறம் நகர்த்தறேன்.”

போர்க்களத்தில் தூதர்கள் இப்படித்தான் கவிழ்ப்பார்கள். நாயகன் பதில் சொல்வதற்குள் கதவின் இடுக்கில் நிழல் விழுந்தது. மாமியார் வந்துவிட்டார்.

“பாருங்க அத்தை” என்று எழுந்து இடம்விட்டான். குரலில் பணிவு, முழங்காலில் நடனம்.

மாமியார் அமர்ந்தார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, வாளை உறையிலிருந்து உருவுவதுபோல், குமிழின் மேலிருந்த ஒட்டுநாடாவைச் சர்ரென்று உரித்தார். திருகினார். மரகதத் திட்டு கூர்மையாயிற்று. அதிலிருந்து ஒரு தலை முளைத்தது. தலைக்குப் பின்னால் ஒரு வாலும் முளைத்தது.

“மாப்பிள்ளை, இது உள்ள வரவே இல்ல.”

“அத்தை?”

“மேல, சுவர்ல சொருகிக்கிட்டு நிக்குது. செருப்பு விடற எடத்தோட நின்னுடுச்சு. முட்டை இதுக்கும் கீழ இருக்கு.” அவர் நிமிராமலே சொன்னார். “உள்ள வராததனாலதான் கலையாம இருக்கு.”

ஒரு பேரரசு சரியும் ஓசை எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓசையே இருக்காது. ஒரு மனிதன் மூக்கால் மூச்சு விடுவான்; அவ்வளவுதான்.

“அப்ப உள்ள போனவன்?”

“கதவைச் சாத்துங்க.”

சாத்தினான். இருள் சூழ்ந்தது. மாமியாரும் மருமகனும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அந்த இருட்டில், கண் பழகட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த வீட்டில் இத்தனை காலமாக அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் சண்டையின்றிச் சேர்ந்து இருந்ததில்லை. “இப்ப பாருங்க” என்றார் அவர், குமிழை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு நகர்ந்து.

அவன் பார்த்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, விடியுமுன் கிழக்கு வெளுப்பதுபோல், முட்டையின் மேனி முழுதும் மிக மெல்லிய ஒரு பச்சை. ஓரிடத்தில் கூடுதல் இல்லை, ஓரிடத்தில் குறைவில்லை. கதவிடுக்கு வெளிச்சத்தில் காணாமற்போயிருந்த பச்சை.

“இதுல நம்மாளு எங்க அத்தை?” என்று கேட்டான். ‘நம்மாளு’ என்றான்! அறிவியலில் சேராத சொல் அது.

“எங்கன்னு காட்டறது? எல்லா எடத்துலயும்தான்.” மாமியாரின் குரலில் வெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வேறென்னவோ இருந்தது. “கொஞ்சத்தை முட்டை உள்ள இழுத்துச் செரிச்சுடும். மிச்சம் இப்படியே இருக்கும். தனியா எடுத்துக் காட்டச் சொன்னா யாராலயும் முடியாது.”

தோற்றவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதல்களில் இது நடுத்தர ரகம். நாயகன் தலையாட்டினான், இருட்டில் ஆட்டியதால் அது சரித்திரத்தில் பதிவாகவில்லை.

விளக்கைப் போட்ட பிறகு மாமியாருக்குள் தலைவி திரும்பி வந்தார். “ஆமா, குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதானே? இதுகூடத் தெரியாதா?”

“தொடாதேன்னு எழுதியிருந்துச்சு அத்தை.”

“எழுதியிருந்தா?”

“நீங்க எழுதினது.”

அண்டம் ஒருகணம் நின்று சுழன்றது. தொட்டிருந்தால் குற்றம், தொடாததும் குற்றம். இந்த இரு வாள்களுக்கும் நடுவே மருமகன் வாழ்ந்த வாழ்வு முழுதும், பிசின் உலர்ந்த ஒரு துண்டு ஒட்டுநாடாவாக அந்த அம்மையாரின் ஆட்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. உதறினார், போகவில்லை. மறுபடி உதறினார். பிறகு தம் வாழ்நாளின் மாபெரும் பிரகடனத்தை வெளியிட்டார்:

“சரி, மூலையை எடுத்துக்கோங்க. ஆனா புரதம் பரவுதுன்னு ஒத்துக்கணும்.”

“ஒத்துக்கறேன் அத்தை. அதுக்கென்ன.”

அறிவுலக வரலாற்றில் எந்தக் கொள்கையும் இவ்வளவு விரைவாக எழுந்து ஒரு நாற்காலிக்கு இடம்விட்டதில்லை.

அன்று மாலை நடந்தது முடிசூட்டு விழா. பெட்டி என்னும் பெருங்காவலன் பெயர்க்கப்பட்டுக் கூடத்தின் எதிர்ச்சுவரில் சாத்தப்பட்டான். பால்கனியிலிருந்து நாற்காலி நாடு திரும்பியது. நாயகனே சுமந்து வந்தான், ஒவ்வொரு கதவுநிலையிலும் ஒருமுறை இடித்துக்கொண்டு. ஜன்னலோர மூலையில் அது பொருந்தியது. அளந்து செய்தாற்போல் பொருந்தியது. அவன் அமர்ந்தான். அது முனகியது. பிறகு தாங்கியது. சாய்ந்த வெயில் அவன் வலக்காதில் விழுந்தது. “அப்பா, அது அவர் இடம், இடிக்காம போங்க” என்று மனைவி தன் தந்தையிடம் சொன்னது அவன் செவியில் தேனாகவும், தேனுக்கு மேலான வேறெதுவாகவும் பாய்ந்தது. கண்ணை மூடினான். திட்டுக் கட்சி வாழ்ந்தது.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன், மேல இருக்கற டப்பா எட்டல.”

எழுந்து போனான். டப்பாவை எடுத்துக் கொடுத்தான். அதன் மூடியைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தான். திறந்தது வேறு டப்பா. சரியானதையும் எடுத்துக் கொடுத்தான். திரும்பி வந்து பார்த்தபோது மூலையில் மாமனார் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்து, போரில் வென்ற மன்னன்போல். “அப்பாக்கு வேர்க்குது” என்று யாரோ சமையலறையிலிருந்து விசிறியைக் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். மாத்திரை வேளைக்கு அலாரக் கடிகாரம் ஜன்னல் விளிம்பில் ஏறியிருந்தது. மாத்திரை விழுங்கத் தண்ணீர், கரண்டிகளைக் கொட்டிவிட்டுக் கழுவிய நீலக் குவளையில். மாலை நடையிலிருந்து அவர் கொண்டு வந்த குடை கைப்பிடியில் தொங்கியது. நாற்காலியின் முதுகில் ஒரு ஈரத்துண்டு.

ஆகா, நாயகனே! போன இடம் தெரியாமல் போன உன் பரிவாரம், விருந்தாளியோடு ஊர் போன தலையணை ஒன்று நீங்கலாக, ஒரே மூலையில், ஒரே திட்டாக, கலையாமல், ஒன்றையொன்று அணைத்தபடி மறுபடி கூடிவிட்டதே! எவராலும் முடியாது என்று பேரரசியே சொன்னது முடிந்துவிட்டதே! இனி யார் பார்த்தாலும் ஒரே விரலால் சுட்டிக் காட்டலாம். அந்தத் திட்டில் உட்கார நீ ஒருவன்தான் மிச்சம்.

அவன் மாமனாரை எழுப்பவில்லை. எதிர்ச்சுவருக்குப் போனான், தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான், அட்டைப்பெட்டியில் முதுகைச் சாய்த்தான். பெட்டி முனகாமல் தாங்கியது. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த மாமியார், “பார்த்து மாப்பிள்ளை, நசுக்கிடாதீங்க” என்றார்.

அது வாடகை வீடு. அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.